கேட்டுப் பார்க்கக் காசு வாங்கிய அறை

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடிய இரண்டும் என் தங்கச்சியுடையவை. அவள் செத்த வீட்டில், பிள்ளைகளை யார் பொறுப்பெடுப்பது என்று ஆட்கள் முற்றத்தில் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதைக்காமல் இரண்டின் கையையும் பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன். நான்கு பேர் இன்று வெளிநாட்டில், இரண்டு பேர் இங்கே. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், பஸ் கொஞ்சம் மெதுவாக வந்தால். இந்தப் படிப்போடு மன்னார் பஸாரில் ஒரு பாட்டுப்பெட்டிக் கடையில் வேலைசெய்து, சொந்தமாக ஒரு கதிரையும் ஒரு கதவும் வைத்திருந்து ஓய்வு பெற்றவள் நான்.

போன கிழமை, இப்போது அந்தக் கதிரையில் இருக்கும் பிள்ளை உப்புக்குளத்தில் என் வீட்டுக்கு வந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் அவளோடு சண்டைக்குக் கொளுவுகிறார்களாம். சீலைக் கடையில் விரித்துக் காட்டக் காசு கேட்கிறார்களா, மோட்டார் சைக்கிள் கடையில் ஏறி இருந்து பார்க்கக் காசு கேட்கிறார்களா, பாட்டுப்பெட்டியைப் போட்டுக் காட்டுவதற்கு மட்டும் ஏன் காசு என்று கேட்கிறார்களாம். உங்களுடைய காலத்தில் என்ன பதில் சொன்னீர்கள் அன்ரி என்றாள். நான் முதலில் இரு, தேத்தண்ணி குடி என்றேன். நின்றுகொண்டு கேட்டுவிட்டு ஓடுகிற கதை இல்லை இது.

என் மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு சில காலம் கருவாடு காயப்போட்டேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. நசார் முதலாளி பஸாரில் கடை திறந்தபோது தேத்தண்ணி ஊற்றச் சேர்ந்தேன். தேத்தண்ணியிலிருந்து கூட்டுவது, கூட்டுவதிலிருந்து பெட்டிகளுக்குத் தூசு துடைப்பது, துடைப்பதிலிருந்து கதவு. என் பயிற்சி அவ்வளவுதான்.

நசார் முதலாளி புத்தளத்தில் அகதியாக இருந்த நாட்களில் ரேடியோ திருத்தப் பழகியவர். பிறகு துபாய்க்குப் போய், பணக்காரர்கள் பாட்டுக் கேட்கிற பெரிய கடையொன்றில் வேலைசெய்துவிட்டு, ஊருக்குத் திரும்பியவர். மெல்லிய மனிதர், வெள்ளைத் தொப்பி, வலது கையில் ஒரு வெள்ளி மோதிரம். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். சின்னக் கோபம் என்றால் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். பெரிய கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். ஒருமுறை அப்படி ஏசி முடித்துவிட்டுப் போனார். என்ன ஏசினார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் திருந்தவில்லை.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. கடையின் பின்பக்கத்தில் ஒரு அறை. உள்ளே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு செட். ஆளுயரத்தில் இரண்டு பெட்டி, நடுவில் ஒரு இயந்திரம். அதன் விலைக்கு ஒரு போட்டும் எஞ்சினும் வலையும் வாங்கலாம். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது, உள்சத்தம் வெளியே போகக்கூடாது என்று சுவரெல்லாம் பஞ்சும் தும்புமாக அடித்தார். கதவுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கடைசியில், பேசாலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மீன் கம்பனியின் குளிர் அறைக் கதவை விலைக்கு வாங்கிவந்து பூட்டினார். கையை விரித்து அளந்தால் ஒரு சாண் தடிப்பு. முகம் அளவில் ஒரு வட்டக் கண்ணாடி. சாத்தினால் உள்ளே எருமை கத்தினாலும் வெளியே கேட்காது. ஒரு குறைதான். மழைக்காலத்தில் அந்தக் கதவு சூடை மீன் மணத்தது. நான் சுண்ணாம்பு போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன், ஊதுபத்தி கொளுத்தினேன். ஊதுபத்தியும் சூடையும் சேர்ந்து மணத்ததுதான் மிச்சம். போட்டின் விலைக்குப் பாட்டுப்பெட்டி பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மூக்கைச் சுருக்கி ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நான் யாரையும் பார்க்க மாட்டேன்.

தொடக்கத்தில் காசு இல்லை. யாரும் வரலாம், இருக்கலாம், கேட்கலாம். வந்தார்கள். உள்ளே ஏசி இருந்தது, அதற்காக வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி எடுக்க என்று பங்குச் சபையே திரண்டு வந்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, கொழும்பில் வாங்குவார்கள். முதலாளிக்கு அது கூடக் கவலையில்லை. பாட்டு ஓடும்போது அவர்கள் கதைத்தார்கள், அதுதான் அவருடைய நெஞ்சில் குத்தியது. ஒருநாள் வயலின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பாரைக்கட்டிக் கருவாடு என்ன விலை போகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அன்று பின்னேரம் முதலாளி என்னிடம் வந்து, குரலே இல்லாமல் சொன்னார்.

"இனிக் காசு, திரேசக்கா. காசு குடுத்தவன் வாயை மூடுவான்."

அதுதான் காரணம். வேறொரு காரணமும் இல்லை. செட்டை வாங்கினால் அந்தக் காசைக் கழித்துக்கொள்வோம். வாங்காவிட்டால், வாயை மூடியிருந்ததற்கான விலை. இதைத்தான் அந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அதன் பிறகு அறைக்கு முறை வந்தது. முறைக்கு நான் பொறுப்பு. செருப்பு வெளியே. கைபேசி கூடையில். உள்ளே மூன்று கதிரை, நடுக்கதிரைதான் கதிரை. அதில் இருந்தால்தான் சத்தம் சரியாக வந்து விழும், பக்கத்துக் கதிரைகள் துணைக்கு வந்தவர்களுக்கு. கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மேலே சிவப்பு பல்ப் எரியும், பாட்டு ஓடும். பல்ப் அணையும்வரை கதவு திறக்கக்கூடாது, கடை தீப்பிடித்தாலும். ஓடுவது எப்போதும் ஒன்றுதான்: ஒரு வயலின், அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், கடைசியில் ஒரு மேளம். முடிந்து வெளியே வந்தவர்களிடம் முதலாளி நன்றாக இருந்ததா என்று கேட்க மாட்டார். மோதிரத்தால் கண்ணாடியை ஒருமுறை தட்டிவிட்டு, "மேளம் எந்தப் பக்கம்?" என்பார். இடப்பக்கம் என்று சொன்னவர்களை வாசல்வரை போய் வழியனுப்புவார். வாங்கினார்களா என்று கவனிக்க மாட்டார். எனக்கு மேளம் எந்தப் பக்கம் என்ற கவலை இருக்கவில்லை. நான் கேட்கவைத்தவள்.

தலைமன்னாரிலிருந்து ஒரு மேசன் வருவார். காசைத் தந்துவிட்டு நடுக்கதிரையில் இருப்பார், வயலின் தொடங்கும் முன்பே குறட்டை. கண்ணாடியால் பார்த்தால் வயிறு ஏறி இறங்கும். தூங்கினவரிடம் காசு எடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். யோசித்தார். வாயை மூடியிருந்தாரா என்றார். திறந்துதான் இருந்தது, ஆனால் கதைக்கவில்லை என்றேன். எடுக்கலாம் என்றார்.

மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாமனார், மருமகன், மச்சான். நீங்கள் நடுவில் இருங்கோ, இல்லை நீங்கள் இருங்கோ, மாமா இருக்க நான் இருக்கிறதா, மருமகன் வாங்கப்போகிற சாமானுக்கு நான் இருக்கிறதா என்று உபசாரம் நடந்தது. பாட்டு முழுவதும் முடிந்து பல்ப் அணைந்தது, மூன்று பேரும் நின்றபடி, நடுக்கதிரை வெறும் கதிரை. மனம் கேட்காமல் நானே தீர்ப்புச் சொன்னேன்: யாருடைய காசோ அவர் நடுவில். காசு சவூதியில் இருக்கிற மூத்த மகனுடையது என்றார்கள். உடனே கூடையிலிருந்து கைபேசியை எடுத்து, அவருக்கு அழைப்பெடுத்து, கைபேசியை நடுக்கதிரையில் சாய்த்து வைத்து, இன்னொரு முறைக்குக் காசையும் தந்து, மூவரும் மரியாதையாகப் பக்கத்தில் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் சவூதியிலிருந்து மகன் சொன்னார், சத்தம் அவ்வளவு கிளியர் இல்லை, வேண்டாம் என்று. முதலாளி அன்று மத்தியானம் லுஹர் தொழப் போனவர், பின்னேரம் அஸர் தொழுகையும் முடிந்துதான் திரும்பிவந்தார்.

இனி நான் சொல்லவந்த விசயம்.

ஒரு சனிக்கிழமை ஒரு இளம் சோடி வந்தது. டெல்சி, அன்ரன். டெல்சி இலுப்பைக்கடவைப் பெட்டை. அன்ரன் எங்கள் கோவில் பிலோமினாவின் இளைய மகன், போட் எஞ்சின் திருத்துகிறவன். அவன் கதைத்து நான் கேட்டதில்லை. கோவிலில் சமாதானம் சொல்லிக் கைகுடுக்கும்போதுகூட உதடு பிரியாது. காசைத் தந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், உள்ளே போனார்கள். நான் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு கதிரையைத் திருப்பி, முகத்துக்கு முகம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். பெட்டிகளை இருவரும் பார்க்கவில்லை. டெல்சியின் கை மேலே போய்க் கீழே வந்தது. அன்ரனுடைய கையும் போனது. பாட்டை நன்றாக ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது இரண்டு முகமும் அடுப்பில் இருந்து எடுத்த மாதிரி. முதலாளி மோதிரத்தால் தட்டி, மேளம் எந்தப் பக்கம் என்றார்.

"மேளமோ?" என்றான் அன்ரன். "மேளம் அடிச்சதோ?"

முதலாளி உள்ளே போய்ப் பெட்டி இரண்டும் வேலைசெய்கிறதா என்று பார்த்தார்.

அடுத்த சனியும் வந்தார்கள். அதற்கடுத்த சனியும். மூன்றாம் முறை, டெல்சி செருப்புப் போடக் குனிந்தபோது நான் மெல்லக் கேட்டேன், பிள்ளை, உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று.

"சண்டை பிடிக்கிறம் அன்ரி," என்றாள்.

பிறகு சொன்னாள். பிலோமினாவின் வீட்டில் ஏழு பேர். அறைகளைப் பிரிக்கிற சுவர் கூரைவரை போகாது, பாதியில் நிற்கும். டெல்சி தம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால், குசினிக்குள் இருந்து மாமி, ஆரோட கோவம் என்று கேட்பா. அன்ரன் ஒரு சொல் சொல்ல வாயெடுத்தால், அடுத்த அறையிலிருந்து தங்கச்சி அதற்குப் பதில் சொல்லிவிடுவாள். கடற்கரைக்குப் போனால் வலை இழுக்கிற ஆட்கள். கோவிலுக்குப் பின்னால் நின்றால் இரண்டு சிஸ்டர்மார். கலியாணம் கட்டியதிலிருந்து ஒரு சண்டையைத் தொடங்கி முடித்ததில்லை என்றாள். எல்லாம் பாதியில் நின்ற சண்டைகள்.

அப்போது அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது சின்னச் சண்டை இல்லை. அன்ரனுக்குக் கட்டாருக்கு விசா வந்திருந்தது. பிலோமினாவுக்கு மகன் போகவேண்டும், மகளுடைய சீதன வீட்டைக் கட்டி முடிக்கவேண்டும். டெல்சிக்கு அவன் போகக்கூடாது. இலுப்பைக்கடவையில் அவளுடைய தகப்பன் கொடுத்த காணியில் ஒரு கொட்டில் போட்டு, எஞ்சின் திருத்துகிற இடம் தொடங்கவேண்டும். அன்ரனுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அவன் வீட்டில் தாய் கேட்டாலும் "ம்", பெண்சாதி கேட்டாலும் "ம்". அடுத்த சனி கழிந்து வருகிற திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் பாஸ்போட்டைக் கொடுக்கவேண்டும், கொடுத்தால் போனதுதான்.

"இஞ்ச மட்டும்தான் அன்ரி வாயத் திறக்கிறார்," என்றாள் டெல்சி. "இன்னும் ஒரு சனி கிடைச்சா முடிச்சிருவம்."

இதற்குள் கதை பரவிவிட்டது. நான் பரப்பவில்லை, கண்ணாடிதான் பரப்பியது. சனிக்கிழமையில் வேறு சோடிகளும் வரத் தொடங்கின. பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் காசைத் தந்துவிட்டு, அவசரமாகச் செருப்பைக் கழற்றுவார்கள். வந்த எவருக்கும் மேளம் தெரியவில்லை. முதலாளி ஒருநாள் அறையைக் கூட்ட நானிருக்க, தானே உள்ளே போனார். கதிரைகள் முகத்துக்கு முகம் நின்றன. தரைவிரிப்பில் கதிரைக்கால் பதிந்த பழைய தடம் ஒரு பக்கம், புதுத் தடம் வேறு பக்கம். அவருக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்து உதட்டை அசைத்தார். இந்தமுறை கிட்டப்போய்க் கேட்டேன். துபாயிலிருந்து இதைக் கப்பலில் ஏற்றியது புருசன் பெண்சாதி சண்டைக்கு இல்லை, இனிச் சோடிகளுக்குக் கதவு இல்லை என்றார்.

முதலாளி சொன்னால் நான் எதிர்த்துக் கதைப்பதில்லை. அன்று கதைத்தேன்.

"காசு குடுத்தவன் வாயை மூடுவான் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். இவையள் காசு குடுத்து வாயைத் திறக்கினம். பிழை எங்க இருக்கு?" என்றேன். டெல்சியின் கதையையும் சொன்னேன். வருகிற திங்கட்கிழமையையும் சொன்னேன்.

அவர் மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார், ஒருமுறை அல்ல. அவரும் கலியாணம் கட்டிய பிறகு பல வருடம் துபாயில் தனியே இருந்தவர்தான். கடைசியில், "இந்தச் சனி மட்டும். ஆனா பாட்டு ஓடும். வெறும் அறைக்கு நான் காசு வாங்கினன் எண்டு பேர் வரக்கூடாது" என்றார்.

சனிக்கிழமை வந்தார்கள். நான் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினேன். வயலின் தொடங்கி அதிக நேரம் ஆகியிருக்காது. கடை வாசலில் பிலோமினா. பூசைக்குப் போகிற சீலையோடு, குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு.

அவவுக்குக் கிடைத்த செய்தி வேறு. மகனும் மருமகளும் சனி சனியாகப் பாட்டுப்பெட்டிக் கடைக்குப் போகிறார்கள், போட் விலைக்கு ஒரு பெட்டி வாங்கப்போகிறார்கள். மகளுடைய வீட்டுக்குக் கூரை இல்லை, இவர்களுக்குப் பாட்டுக் கேட்கிறதா? முதலாளியைப் பார்க்கவில்லை, நேரே என் கதவுக்கு வந்தா.

"திறவும் திரேசு," என்றா.

பல்ப் எரிகிறது, அணையும்வரை திறப்பதில்லை என்றேன். என் மகன் உள்ளே இருக்கிறான் என்றா. யாருடைய மகனாக இருந்தாலும் பல்ப் அணையவேண்டும் என்றேன். குடை என் கதிரையில் ஒரு தட்டுத் தட்டியது. நான் எழும்பிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். ஆறு பிள்ளை வளர்த்த உடம்பு, லேசில் அசையாது. முதலாளி தூரத்தில் நின்று பார்த்தார், ஆனால் கிட்ட வரவில்லை. அவருக்கும் பிலோமினாவைத் தெரியும்.

திறக்க முடியாது, பார்க்கலாம் என்றேன். கண்ணாடியைக் காட்டினேன். பிலோமினா குதிக்காலை உயர்த்தி முகத்தைக் கண்ணாடியில் வைத்தா.

உள்ளே அன்ரன் எழும்பி நின்றான். கதைத்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் கை வைத்தான், கையை நீட்டி எங்கேயோ தூரத்தைக் காட்டினான், எஞ்சினைக் கழற்றுகிற மாதிரி விரல்களைத் திருகினான். டெல்சி வாயைத் திறக்காமல் இருந்தாள். அவன் நிறுத்தவில்லை. சிரித்தான். பிறகு போட்டிருந்த சேட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கதைத்தான்.

பிலோமினாவின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா. சண்டைக்கு வந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"என்ன கதைக்கிறான்?" என்று என்னிடம் கேட்டா.

"கேக்காது பிலோமினா. கதவு அப்பிடி."

"என்னோட இவ்வளவு கதைச்சதில்ல," என்றா. சின்ன வயதில் கதைத்தானோ என்று தன்பாட்டில் யோசித்தா. சின்ன வயதில் கதைத்தான் போலத்தான் இருந்தது என்றா.

பல்ப் அணைந்தது. நான் கதவைத் திறந்தேன். தாயைக் கண்டதும் அன்ரனுடைய வாய் பூட்டுப்போட்ட மாதிரி மூடிக்கொண்டது. டெல்சி மட்டும் வெளியே வந்தாள். பிலோமினா மருமகளைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து காசை எடுத்து என் மேசையில் வைத்தா.

"எனக்கும் போடும். இவன் உள்ளுக்கே நிக்கட்டும்," என்றா.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நடுக்கதிரையில் இருந்தா. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வந்து, தானே கதவைச் சாத்தி, தானே பொத்தானை அழுத்தினார்.

கண்ணாடி சின்னது, ஒரு முகத்துக்குத்தான் காணும். நானும் டெல்சியும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தோம். முதலில் பிலோமினா கதைத்தா, விரலை நீட்டி, நிறையக் கதைத்தா. அன்ரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. டெல்சி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது. பிறகு பிலோமினாவின் விரல் இறங்கியது. அவ வாயை மூடிக்கொண்டு, பக்கத்துக் கதிரையைக் கையால் தட்டிக் காட்டினா. அன்ரன் வந்து இருந்தான். அதன் பிறகு அவனுடைய உதடு அசைந்தது.

பாட்டு முடிந்து பல்ப் அணைந்தும் அவர்கள் எழும்பவில்லை. முதலாளி கேட்காமலே பொத்தானைத் திரும்ப அழுத்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை. அறைக்குக் காசு வைத்த நாளிலிருந்து அப்படி நடந்ததை நான் கண்டதில்லை.

வெளியே வந்ததும் பிலோமினா செருப்பைப் போட்டுக்கொண்டு, டெல்சியைப் பார்த்தா.

"இலுப்பைக்கடவைக் காணிக்கு வேலி இருக்கோ?"

டெல்சி என்னைப் பார்த்தாள். நான் முழங்கையால் இடித்தேன்.

"ஓம் மாமி. ரோட்டுப் பக்கம் மட்டும் இல்ல."

"ரோட்டுப் பக்கம்தானே முக்கியம். மாடு வரும்," என்றா பிலோமினா. "திங்கக்கிழமை போய்ப் பாப்பம்."

திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் போகவேண்டிய நாள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

முதலாளிக்குத் தன் பழக்கத்தை விடமுடியவில்லை. கண்ணாடியை ஒருமுறை தட்டி, மெதுவாகக் கேட்டார், அம்மா, மேளம் எந்தப் பக்கம் என்று.

பிலோமினா நின்றா. "நல்ல பெட்டிதான் மொதலாளி, குறை சொல்லேல்ல. ஆனா சத்தம் கூட. மகன்ர கதை பாதி விளங்கேல்ல. கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ," என்றா. பிறகு மூக்கை உறிஞ்சி, "உள்ளுக்க ஆரோ சூடை வச்சிருக்கினம்" என்றுவிட்டுக் குடையை விரித்தா.

போட்டின் விலை செட்டுக்கு அப்படியொரு வார்த்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. முதலாளியின் உதடு அசைந்தது. சிரிக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சோடிகளுக்குக் கதவு இல்லை என்ற கட்டளையை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. சத்தம் கூட்டுகிற திருகியில் தன் கையாலேயே கீழே ஒரு கோடு கீறி, சனிக்கிழமைக்கு இது என்றார்.

அன்ரன் கட்டாருக்குப் போகவில்லை. இலுப்பைக்கடவையில் ரோட்டோரம் கொட்டில் போட்டான். இப்போது அங்கே எஞ்சின் கொண்டுபோகிறவர்களுக்கு, அவன் கதைக்கிற கதைக்குத் திரும்பிவர நேரமாகிறது என்று முறைப்பாடு. மகளுடைய வீட்டுக்குக் கூரை போட்டது போன வருடம்தான். அதற்குள் அந்தக் குடும்பத்தில் பெரிய சண்டைகள் நடந்தன, எல்லாம் வீட்டிலேயே, ஊர் கேட்க. பிலோமினாவோடு நான் ஞாயிறு பூசையில் ஒரே நீள வாங்கில், பக்கத்துப் பக்கமாகத்தான் இருக்கிறேன். இப்படியொன்று நான் சொல்லி எழுதுவித்தேன் என்று தெரிந்தால், அவ ஆரையாவது பிடித்து வாசிப்பித்து, சொல்லுக்குச் சொல் கேட்பா.

ஆகவே, பேத்தி, நீ எழுதியதை ஒருமுறை வாசி பார்ப்போம். உன்னுடைய பள்ளிக்கூடத் தமிழைப் போட்டிருக்கிறாய் என்று தெரியும், அது இருக்கட்டும். பிலோமினா குடையோடு வந்து நின்ற இடத்திலிருந்து தொடங்கு, மெல்ல வாசி. அந்த மனுசியை எங்கேயாவது குறைத்துச் சொல்லிவிட்டேனா என்று நான் கேட்கவேண்டும்.